பாதரட்சைப் பரீட்சை

சென்ற வெள்ளிக்கிழமை காலையில், தேகப்பயிற்சிச் சாலையில் இரும்புத் தண்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு நான் குந்தி எழ முயன்ற தருணத்தில், என் வலக்கால் ஷூவின் அடிப்பாகம் மேற்பாகத்தோடு தனக்கிருந்த பந்தத்தை முறித்துக்கொண்டு வாயைப் பிளந்தது. நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய வஸ்து அது. ஒரு மழைக்காலத்தைக்கூட இன்னும் முழுதாகக் கண்டதில்லை. பயிற்சியாசிரியராகிய இளைஞர் ஓடோடி வந்தபோது என் முதுகின் க்ஷேமத்தை விசாரிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ குனிந்து ஷூவைப் பார்த்துவிட்டு, "இது ஓடுற ஷூ சார். இதைப் போட்டுக்கிட்டு ஸ்குவாட் அடிச்சா இப்படித்தான்" என்று தீர்ப்புச் சொல்லிப் போய்விட்டார். சென்ற மாதம் இதே ஷூவோடு மலைக்குப் போயிருந்தபோது, உடன் வந்த நண்பர் ஒருவர், "இது ஜிம் ஷூவாச்சே, இதைப் போய் மலைக்குப் போட்டுட்டு வரலாமா?" என்று கேட்டிருந்தார். விற்றவர் மாத்திரம், இது எல்லாவற்றுக்கும் ஆகும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி விற்றார்.

அந்தக் கடைக்கே அதை எடுத்துக்கொண்டு போனேன். வாரண்டி என்ற ஒன்று உண்டென்பதும், அது தயாரிப்பில் நேர்ந்த பழுதுக்கு மட்டுமே உரியதென்பதும், அடிப்பாகம் பிரிவது தயாரிப்பில் நேர்ந்த பழுது ஆகாதென்பதும், மூன்று மேஜைகளில் மூன்று தவணைகளாக எனக்கு விளக்கப்பட்டன. "தண்ணியில நனைஞ்சுதா சார்?" என்றார் மானேஜர். நனைந்தது என்றேன். "வெயில்ல காய வெச்சீங்களா?" வைத்தேன் என்றேன். அவர் முகத்தில் ஒரு வக்கீலுக்குரிய திருப்தி பரவிற்று. மதுரையில் நனையாமலும் காயாமலும் ஒரு ஷூ எந்த வீதியில் வசிக்கக்கூடும் என்பதை அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை, எனக்குப் பின்னால் வரிசை நின்றது.

ஆகவே, ஜிம்முக்கும் மலைக்கும் ஒருங்கே பொருந்துவதும், கொடுத்த காசுக்கு நாலு காலம் உழைப்பதுமான ஒரு ஷூவைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் விஷயம். எந்த ஷூவை வாங்கலாம் என்பதையும் உரிய இடத்தில் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால், ஷூ வாங்கப் போகிற நாமெல்லோரும் கடையில் எவ்விதம் நடந்துகொள்கிறோம் என்பதைக் கொஞ்சம் விசாரித்துவிடுவது அவசியம்.

முதலில் அந்தக் குட்டை முக்காலியில் உட்காருகிறோம். கடைப் பையன் எதிரே மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்து, ஷூவின் வயிற்றிலிருந்து கசங்கிய காகிதத்தை உருவி எறிந்து, லேஸைப் பாதி மட்டும் கோத்து நம் பாதத்தின் முன் நீட்டுகிறான். வருஷம் முழுவதும் பழுதில்லாத காலுறை அணிகிற மனிதரும், அன்றைக்கென்று பெருவிரல் எட்டிப் பார்க்கும் ஒன்றைத்தான் மாட்டிக்கொண்டு வந்திருப்பார்; அதை மறைக்கும் அவசரத்தில் அவர் பாதத்தை உள்ளே திணித்துவிட, பையன் ஷூவின் நுனியைக் கட்டைவிரலால் அமுக்கி, "விரல் இடிக்குதா சார்?" என்கிறான். "இல்லை" என்று கம்பீரமாகச் சொல்லுகிறோம். இடிக்கிறதா இல்லையா என்று அந்தக் கணத்தில் பிரம்மதேவனுக்கும் தெரியாது. "நடந்து பாருங்க சார்" என்று பையன் எழுந்து விலகுகிறான். உடனே அந்த நடை ஆரம்பமாகிறது.

அந்த நடையைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. முக்காலியிலிருந்து கண்ணாடிவரை ஏழெட்டு அடி தூரம் இருக்கும். சில கடைகளில் இரண்டு ஷூக்களையும் ஒரு சாண் நீளமுள்ள நைலான் கயிற்றால் பிணைத்தே வைத்திருப்பார்கள். அதை வெட்டச் சொன்னால் வாங்கியே தீரவேண்டிய நிர்ப்பந்தம் வந்துவிடுமோ என்ற அச்சத்தால், முன்னங்கால்களில் தளையிட்ட கழுதையைப் போல் தத்தித் தத்திக் கண்ணாடிவரை போய்த் திரும்பி, "சௌகரியமாத்தான் இருக்கு" என்று நற்சான்று வழங்குகிறோம். கயிறில்லாத கடைகளிலோ ஒவ்வொருவருடைய சுபாவமும் பிரத்தியட்சமாக வெளிப்படுகிறது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், குடியரசு தின அணிவகுப்புக்குத் தம்மை அழைத்திருப்பதாக எண்ணிக் கைகளை வீசி நடப்பார். இன்னொருவர் குதிகாலைத் தரையில் ஓங்கி இரண்டு உதை உதைப்பார். தரை ஒன்றும் சொல்லாது. வேறொருவர் நின்ற இடத்திலேயே இரண்டு முறை குதித்து, சுற்றுமுற்றும் பார்த்து, ஒருவரும் கவனிக்கவில்லை என்று நிச்சயித்துக்கொண்டு மூன்றாம் முறையும் குதிப்பார். மனைவியோடு வந்தவர் அவரைப் பார்த்து, "எப்படி இருக்கு?" என்று கேட்பார். ஷூவுக்குள் இருப்பது கேட்பவருடைய கால். ஆயினும் அந்த அம்மாள் சற்றும் தயங்காமல், "கலர் வேற இருக்கான்னு கேளுங்க" என்று பதிலளிப்பார். அதுவே அந்தக் கடையில் அன்று பிறந்த ஒரே உருப்படியான யோசனையாகவும் இருக்கும்.

நான் கண்ணாடி ஜாதி. அந்தக் கண்ணாடியைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சாய்த்து வைத்திருக்கிறார்களே, அந்தச் சூழ்ச்சியை வாசகர்கள் யோசித்துப் பார்த்ததுண்டா? உடையவனைக் காட்டாமல் கால்களை மட்டும் காட்டும் கண்ணாடி அது. தொந்தி தெரியாது, நரை தெரியாது, மாடிப்படி ஏறினால் வாங்கும் மூச்சு தெரியாது. தெரிகிற இரண்டு கால்களும் யாரோ ஒரு விளையாட்டு வீரருடையவை. அவற்றைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்கிறேன், முன்னங்காலில் எழும்பிப் பார்க்கிறேன், போகிறேன், வருகிறேன். இவ்வளவும் எதன்மேல்? குளிர்சாதனம் செய்த அறையில், அரைமணிக்கொரு தரம் துடைத்துத் துடைத்துப் பளபளக்கும் டைல்ஸின்மேல். ஈரப் பாறையில், வேர் முடிச்சில், காலின் கீழ் உருளும் சரளையில் உழைக்கப் போகிற ஒரு சாதனத்தை, ஒரு தூசிக்குக்கூட இடமில்லாத தரையில் ஏழு தப்படி நடந்து பரிசீலித்துவிட்டதாக மனப்பூர்வமாக நம்புகிறோம்.

அத்துடன் பரீட்சை முடிந்துவிடுவதும் இல்லை. ஷூவைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோய் வாசனை பார்க்கிறோம். இரண்டு கைகளாலும் பிடித்து வளைக்கிறோம். அடிப்பாகத்தை விரல் முட்டியால் தட்டுகிறோம். நடுவே இருக்கும் நுரை அடுக்கில் கட்டைவிரல் நகத்தைப் பதிக்கிறோம்; நகம் பதிகிறது; எடுக்கிறோம்; பதிந்த தடம் மெல்ல மறைகிறது. "ம்" என்கிறோம். பையனும் "ம்" என்கிறான். இந்த இரண்டு "ம்"களுக்கும் என்ன பொருளென்று இருவரில் எவருக்கும் தெரியாது. கடைசியில், "உழைக்குமா தம்பி?" என்று கேட்டால், "சூப்பரா உழைக்கும் சார், நானே இதைத்தான் போடறேன்" என்கிறான். அவன் காலில் கிடப்பது நீல வார் வைத்த ரப்பர் செருப்பு.

இனி சாஸ்திரத்துக்கு வருவோம். பளு தூக்குகிறவனுக்கு அடிப்பாகம் தட்டையாகவும் கெட்டியாகவும் இருக்கவேண்டும். நுரைமெத்தை இருந்தால் குதிகால் அமிழ்ந்து பாதம் ஆட்டம் காணும். ஓடுகிறவனுக்கு அதே மெத்தை இல்லாவிட்டால் முழங்கால் முறையிடும். மலையேறுகிறவனுக்குச் சேற்றையும் மண்ணையும் கவ்வும்படி நாலைந்து மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பற்கள் வேண்டும். 1935-ஆம் வருஷம் ஆல்ப்ஸ் மலையில் தோழர்கள் அறுவரைப் பறிகொடுத்த விதாலே பிரமானி என்ற இத்தாலியர், இரண்டு வருஷம் கழித்து அத்தகைய பற்களுள்ள ரப்பர் அடியைச் செய்தார். அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழகத்து ஓட்டப்பயிற்சியாளர் பில் பவர்மன், 1970-களின் தொடக்கத்தில் தம் மனைவியார் சிற்றுண்டி வார்க்கும் குழிக்கட்டம் போட்ட இரும்பு அச்சில் ரசாயன ரப்பர்க் குழம்பை ஊற்றிப் புதுமாதிரி அடிப்பாகத்துக்கு வித்திட்டதாகச் சரித்திரம் சொல்லுகிறது. அச்சு பாழாயிற்று, அவர் கீர்த்தி பெற்றார். நம் வீட்டுக் குழிப்பணியாரச் சட்டியில் ரப்பரை ஊற்றிவிட்டுக் கீர்த்தி பெறும்வரை உயிரோடிருக்க எவருக்குச் சாத்தியம் என்று எண்ணிப் பார்த்தால், இம்மாதிரிப் புதுமைகள் ஏன் மதுரையில் தோன்றவில்லை என்பதற்குக் காரணம் விளங்கும்.

சங்கடம் எங்கே இருக்கிறதென்றால், உழைப்பும் பிடிப்பும் ஜன்மப் பகைவர்கள். மிருதுவான ரப்பர் ஈரப் பாறையைப் பற்றிக்கொள்ளும், சீக்கிரம் தேயும். கெட்டியான ரப்பர் வருஷக்கணக்கில் உழைக்கும், ஈரப் பாறையைக் கண்டதும் நம்மைக் கைவிடும். ஓடுகிற ஷூவுக்கு ஐந்நூறிலிருந்து எண்ணூறு கிலோமீட்டர்தான் ஆயுள் என்று செய்கிறவர்களே கூச்சமின்றிச் சொல்லுகிறார்கள். சரி, தினமும் போடாமல் பெட்டியிலேயே பத்திரப்படுத்துவோம் என்றால் அதற்கும் வழியில்லை. பாலியூரித்தேன் மெத்தை வைத்த ஷூ, காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து, வருஷங்கள் கழித்து ஒரு நாள் அணிந்தவுடன் பொடிப்பொடியாக உதிர்ந்துபோகும். என் உறவினர் ஒருவர் மகளின் திருமணத்துக்குப் போடவென்று எடுத்துவைத்திருந்த ஜோடி அப்படித்தான் மண்டப வாசலில் உதிர்ந்தது. மாப்பிள்ளை அழைப்பு முழுவதும் அவர் சென்ற வழியெல்லாம் கறுப்புப் பொடி கிடந்தது.

இந்தச் சாஸ்திரங்களில் ஒன்றையும் அறியாத ஒரு மனிதர் பேருந்து நிலையத்துக்கு வெளியே சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிறார். கடையில் தோல்வியுற்ற என் ஷூவை அவரிடம் கொடுத்தேன். பிளந்த வாய்க்குள் விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து, "வெறும் பேஸ்ட்டுதான் சார், நூலே போடல" என்றார். பிறகு மெழுகு தடவிய தடித்த நூலை எடுத்து, கொக்கி ஊசியை அடிப்பாகத்தின் ஓரத்தில் குத்தி உள்ளிருந்து நூலை இழுத்து, அதன் வளையத்துக்குள் மறு நூலை விட்டு இறுக்கி, விரற்கடைக்கு இரண்டு தையலாக ஷூவைச் சுற்றிக்கொண்டு வந்தார். நூற்றைம்பது ரூபாய். வாங்கியபோதே இதைச் செய்திருக்கலாம் என்றார். நாலாயிரம் ரூபாய்க்குச் செய்தவர்களுக்கு அது ஏன் தோன்றவில்லை என்று கேட்டேன், "தோணுனா அடுத்த ஜோடி எப்படி சார் விக்கும்?" என்று கேட்டுவிட்டு அடுத்த செருப்பை எடுத்துக்கொண்டார்.

அளவைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. எழுதினால் ரத்த அழுத்தம் ஏறும். நாம் கேட்டு வாங்கும் 8, 9 என்ற எண்களெல்லாம் இங்கிலாந்துக்காரர் வாற்கோதுமை மணியின் நீளத்தை வைத்து, அங்குலத்தில் மூன்றிலொரு பங்காக ஏற்படுத்திய கணக்கு. அங்கே 8 என்பது அமெரிக்காவில் 9 ஆகிறது, ஐரோப்பாவில் 42 என்று பெருகுகிறது. பாதமோ இருந்தபடியே இருக்கிறது. உலகக் கம்பெனிகளுக்காகச் செய்யாற்றில் ஷூ தைக்கிறோம். ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் தோலால் பெயர் பெற்றவை. இருந்தும் நம் கால் இன்னமும் அயலான் தானியத்தால் அளக்கப்படுகிறது. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2021 டிசம்பர் முதல் சில மாதங்கள் தேசமெங்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து, நமக்குப் பாதத்தின் முன்பாகம் அகலம் என்று கண்டு, 'பா' என்ற பெயரில் இந்தியருக்கென்றே ஓர் அளவுமுறையை வகுத்திருக்கிறார்கள். நல்ல காரியம். என் பாதத்தை அளக்க ஒருவரும் வரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மலை என்றேனே, அது கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குப் பாறையைத் தாண்டி வெள்ளகவிக்கு இறங்கும் பாதை. வெள்ளகவியில் ஊருக்குள் காலில் எதையும் போட்டுக்கொண்டு நடப்பதில்லை என்பது அவ்வூரார் பரம்பரையாகக் காத்துவரும் கட்டுப்பாடு. போகிறவர்களும் அதற்குக் கட்டுப்பட்டவர்களே. இத்தனை ஆராய்ச்சி செய்து வாங்கிய ஷூவை ஊர் எல்லையில் கழற்றி, லேஸ்களை முடிந்து கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நான் சென்றேன். எதிரே தலையில் விறகுக் கட்டோடு ஏறிவந்த ஒரு பெரியவர் கட்டை இறக்காமலே நின்று, ஷூவை விரலால் தூக்கி எடை பார்த்து, "என்ன விலை தம்பி?" என்றார். வெட்கத்தால் பாதி விலையைத்தான் சொன்னேன். அந்தப் பாதிக்கே அவர், "இம்புட்டா!" என்று திகைத்து, என் பாதங்களை ஒரு முறை பார்த்துவிட்டு ஏறிப் போய்விட்டார். 1960-ல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் அபேபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடி 2 மணி 15 நிமிஷம் 16 விநாடியில் வென்றதைப் படித்தவர்கள், நானும் வெறுங்காலை உபதேசிக்கப் போகிறேன் என்று எண்ணவேண்டாம். வெள்ளகவியின் முதல் வீட்டை எட்டுவதற்குள் என் பாதங்கள் என்னிடம் பேசிய பேச்சு இங்கே அச்சிடத் தக்கதல்ல.

எந்த ஷூவை வாங்கலாம் என்பதைச் சொல்வதாக வாக்களித்திருந்தேன். அதற்கு முன்னால் ஷூக் கடைக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். கண்ணாடிக்குப் பக்கத்தில் வாடிக்கையாளர் கண்ணைப் பறிக்க நீரூற்றும் பிளாஸ்டிக் செடியும் வைத்திருக்கும் இடத்தைத் தயவுசெய்து காலி செய்யுங்கள். அங்கே இருபது கிலோ இரும்புத் தண்டு ஒன்றையும், நனைத்த பாறை ஒன்றையும் போட்டு, அவற்றைச் சுற்றி அரை வண்டிச் சரளைக் கல்லைக் கொட்டி வையுங்கள். சரளைக்கு ஆகும் வண்டிச் சத்தத்தை நானே கொடுத்துவிடுகிறேன்.