செல்லாக் காசின் சோம்பல்: பழைய பிரிட்டிஷ் பென்னி குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் அதன் கனமும்

எதற்கும் உதவாத ஆளைச் செல்லாக் காசு என்று திட்டுவது தமிழர் வழக்கம். அந்த வசவில் ஒரு பொருளியல் பிழை இருக்கிறது என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். காசு செல்லாமல் போகும் நாள் அதன் இறுதி நாள் அன்று. சில காசுகளுக்கு யோகம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. சான்றாக இங்கே கூண்டில் ஏற்றப்படுவது, 1971 ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு சட்டப்படி செல்லாமல் போன பழைய பிரிட்டிஷ் பென்னி.

முதலில் வாய்பாடு. 12 பென்னி ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆகவே 240 பென்னி ஒரு பவுண்டு. பென்னியைச் சுருக்கி எழுதும்போது 'பி' போட மாட்டார்கள், 'டி' போடுவார்கள். ஏனென்று கேட்டால், பண்டை ரோமாபுரியில் தினாரியஸ் என்றொரு காசு புழங்கியது என்பார்கள். இது ஒரு விளக்கம்தான் என்று நம்பியே அந்த நாடு பல நூற்றாண்டுகள் கடைக்குப் போய்வந்தது.

அடுத்து எடை. ஆயிரம் ஆண்டு வெள்ளியாக இருந்த பென்னியை 1797இல் செம்பில் அடித்தவர் பர்மிங்ஹாம் அருகே சோஹோ ஆலை நடத்திய மேத்யூ போல்டன். நீராவி இயந்திரத்தில் அடித்த அந்தப் பென்னி சரியாக ஓர் அவுன்ஸ் இருந்தது; இரண்டு பென்னிக் காசு இரண்டு அவுன்ஸ். மக்கள் அதற்கு வண்டிச் சக்கரம் என்று பெயர் வைத்தார்கள். சட்டைப் பை கிழிந்தது ஒருபுறம் இருக்க, எடைக்கல்லுக்குப் பதிலாகத் தராசில் வைக்கவும் அது உதவியது. 1860இல் செம்பு போய் வெண்கலம் வந்தது. எடையும் வண்டிச் சக்கரப் பென்னியின் எடையில் மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. அப்படி இறங்கிய பிறகும் 48 பென்னி சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. கணக்குப் போட்டால் விபரீதம் விளங்கும்: ஒரு பவுண்டு பணத்தின் எடை ஐந்து பவுண்டு.

2. கருதுகோள்: சோம்பல் விதி

இவ்வாய்வு முன்வைக்கும் விதி எளியது. உழைத்த பென்னிக்கு விலை இல்லை. உழைக்காத பென்னிக்கே விலை. ரொட்டி வாங்கி, பேருந்துக் கட்டணம் கொடுத்து, பொதுக் கழிப்பறைக் கதவின் துளைக்குள் விழுந்து, பல்லாயிரம் கைகளில் தேய்ந்த காசைச் சேகரிப்பாளர் திரும்பியும் பார்ப்பதில்லை. பிறந்ததிலிருந்து ஒரு வேலையும் செய்யாத காசை வெல்வெட்டில் படுக்கவைத்து, பூதக்கண்ணாடி பிடித்துக் கும்பிடுகிறார்.

சான்று ஒன்று: 1954. அந்த ஆண்டு பொதுப் புழக்கத்துக்குப் பென்னி அடிக்கவில்லை. நாணயச்சாலைக்குள் சோதனைக்காக அடித்ததில் ஒன்றே ஒன்று பிழைத்தது. அது ஒரு மிட்டாய்கூட வாங்கியதில்லை. விலை கேட்டால் மயக்கம் வரும்.

சான்று இரண்டு: எட்டாம் எட்வர்டு. பட்டம் சூட்டிக்கொள்ளாமலே 1936 டிசம்பரில் அரியணையை விட்டிறங்கியவர். அவருக்காக 1937 என்று ஆண்டு பொறித்து மாதிரிப் பென்னிகள் தயாராகியிருந்தன. அதாவது, அவர் ராஜாவாக இல்லாத ஆண்டின் பெயரில் அவர் ராஜாவாக விளங்கும் காசு. ஒவ்வொரு மன்னரும் முந்தையவருக்கு எதிர்த்திசையில் முகம் திருப்புவது மரபு. முறைப்படி இவர் வலப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். தன் இடப்பக்க முகம்தான் அழகு என்று சொல்லி இடப்பக்கமே பார்த்தார். அந்த அழகை எந்தக் கடைக்காரரும் பார்க்கவில்லை. ஆகவே விலை வானத்தில்.

சான்று மூன்று: 1950, 1951. உள்நாட்டில் பென்னி மலிந்து கிடந்ததால் 1951இல் 1,20,000 மட்டுமே அடித்தார்கள். முந்தைய ஆண்டும் அதைப்போல் இருமடங்குதான். பெரும்பாலானவை பெர்முடா தீவுக்குக் கப்பலேறின. கடற்கரையில் ஓய்வெடுத்த அந்தப் பென்னிகளைப் பின்னாளில் நாணய வணிகர்கள் தேடிப்பிடித்துத் தாயகம் அழைத்துவந்தார்கள்.

இந்த இடத்தில் 1967 குறுக்கிடுகிறது. அந்த ஆண்டு எண்ணோடு 65 கோடிக்கும் மேற்பட்ட பென்னிகள் வெளிவந்தன. அடுத்த ஆண்டுகளிலும் அதே எண்ணைப் போட்டே அடித்தார்கள். பழைய காசு போகப் போகிறது என்று தெரிந்த மக்கள் புத்தம் புதுப் பென்னிகளை அள்ளி டப்பாக்களில் போட்டு மூடினார்கள். அவை ஒரு நாளும் உழைக்கவில்லை. சோம்பல் விதிப்படி குபேரனாகியிருக்க வேண்டும். ஆகவில்லை, டப்பாவின் விலைகூடத் தேறாது.

ஆகவே விதிக்கு முதல் திருத்தம்: சோம்பேறி தனித்திருக்க வேண்டும். கூட்டமாகச் சோம்பியிருப்பது சந்தையில் எடுபடாது.

3. 'நன்று' என்றால் நன்றன்று

பென்னி எவ்வளவு உழைத்தது என்று அளப்பதற்குச் சந்தையில் ஒரு தரவரிசை உண்டு: ஃபேர், குட், வெரி குட், ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அதற்கு மேல் புழங்காதது. அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலைப் படிப்பவர் ஏமாந்து போவார். 'ஃபேர்' என்றால் பரவாயில்லை என்று பொருளல்ல. காசின் மேல் இருப்பது ராணியா, உருளைக்கிழங்கா என்பது பரவாயில்லை என்று பொருள். 'குட்' என்றால் ஆளை அடையாளம் தெரிகிறது, அவ்வளவுதான். கல்யாணத் தரகர் பையனைப் பற்றி "ரொம்ப நல்ல பையன் சார்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பெண் வீட்டார் என்ன புரிந்துகொள்வார்களோ, அதையே 'குட்' என்ற சொல்லில் சேகரிப்பாளர் புரிந்துகொள்கிறார்.

தேய்மானத்துக்கு இடம், பொருள் உண்டு. 1860 முதல் 1894 வரை வந்த பென்னிகளில் விக்டோரியா கொண்டை போட்ட இளம்பெண். அதனால் அவற்றுக்குப் 'பன் பென்னி' என்று பெயர். காதுக்கு மேலே உள்ள முடி இழைகளை எண்ண முடிகிறதா என்பதே முதல் கேள்வி. மறுபக்கம், திரிசூலமும் கேடயமும் ஏந்தி உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியாவின் தலைக்கவசத்தையும் முழங்காலையும் பார்ப்பார்கள். இரண்டு தரங்களுக்கு நடுவே அரைப் படி வித்தியாசம் இருந்தால் விலை சில மடங்கு தாவும். எனவே விற்பவர் கண்ணுக்குத் தெரியும் முடி இழைகள் வாங்குபவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர் எர்னஸ்ட் பிராமா. பிரிட்டிஷ் செப்புக் காசுகளின் வகைகளையும் அருமையையும் பற்றி 1929இல் ஒரு நூலே எழுதியவர். அவர் கதாசிரியரும்கூட. அவர் படைத்த துப்பறிவாளர் மேக்ஸ் காரடோஸ் கண் தெரியாதவர். முதல் கதையிலேயே ஒரு பழைய வெள்ளிக்காசைத் தடவிப் பார்த்துப் போலி என்று சொல்லிவிடுகிறார். கண்ணுள்ளவர்கள் பூதக்கண்ணாடியோடு சண்டை போடும் ஏல அறைகளில் இந்த முறை ஏனோ பரவவில்லை.

4. புளி விலக்கு

செம்பு கறுத்தால் புளி போட்டுத் தேய்க்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு அடுக்களையில் பிறந்தவர் ஒவ்வொருவர் கையிலும் ஊறிய அறிவு. பென்னி விஷயத்தில் அந்தக் கையைக் கட்டிப்போட வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய பென்னி, சந்தையில் பல்லைப் பிடுங்கிய குதிரை. நாணயச்சாலையில் பிறந்தபோது இருந்த செம்மை கொஞ்சம் மிச்சமிருந்தால் விலை; ஒரே சீராகப் பழுப்பேறியிருந்தால் மதிப்பு; புளியோ பாலிஷோ பட்டுப் பல்லிளித்தால் பழைய உலோக விலை.

இதில் நாணயச்சாலையே ஒரு குழப்பம் செய்தது. போர்க்காலத்தில் தகரம் கிடைக்காமல் உலோகக் கலவையை மாற்றியபோது, 1944 முதல் 1946 வரை அடித்த பென்னிகளை வேதிப்பொருளில் முக்கிக் கறுக்கவைத்தே வெளியே விட்டார்கள். பிறக்கும்போதே கிழவர்கள். இவற்றைப் பார்த்து அழுக்கு என்று நினைத்துக் கழுவியவர்கள், அரசாங்கம் பணம் செலவழித்துப் பூசிய அழுக்கைக் காசு செலவில்லாமல் நீக்கினார்கள்.

5. இல்லாத எழுத்தும் இறங்கிய கடலும்

வேலைப்பளு தாங்காதபோது லண்டன் நாணயச்சாலை பர்மிங்ஹாமின் ஹீட்டன் ஆலைக்குப் பென்னி வேலையைக் கொடுத்தது. அடையாளமாக ஆண்டு எண்ணின் பக்கம் 'எச்' என்ற எழுத்து. 1918, 1919இல் கிங்ஸ் நார்ட்டன் நிறுவனமும் சேர்ந்துகொண்டது. அதன் அடையாளம் 'கே என்'. இந்த எழுத்துகள் உள்ள, அதிகம் தேயாத காசு கிடைத்தால் சேகரிப்பாளர் மகிழ்கிறார். ஆனால் 1882இல் நிலைமை தலைகீழ். அந்த ஆண்டு லண்டன் நாணயச்சாலையில் இயந்திரங்களை மாற்றிக்கொண்டிருந்ததால் பென்னி ஏறக்குறைய முழுவதும் 'எச்' போட்டே வந்தது. 'எச்' இல்லாத 1882 மிக மிக அரிது. ஆக, 1918இல் இருக்கும் எழுத்துக்கு விலை. 1882இல் இல்லாத எழுத்துக்கு விலை. சிலர் 1882 காசில் 'எச்'சைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்கப் பார்த்தார்கள். இல்லாததை உருவாக்குவது இருப்பதை உருவாக்குவதைவிட எளிது என்பதால் இந்த மோசடி நெடுங்காலமாக நீடிக்கிறது.

1895 பென்னியில் திரிசூலத்துக்கும் 'பென்னி' என்ற சொல்லின் முதல் எழுத்துக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அது சாதாரணம். இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் வீட்டில் விருந்து. 1902இல் பிரிட்டானியாவுக்குப் பின்னால் உள்ள கடல் சில காசுகளில் தாழ்ந்திருக்கிறது. அதற்குப் பெயர் 'லோ டைடு'. உலகில் கடல் மட்டம் இறங்கியதால் விலை ஏறிய சொத்து இது ஒன்றுதான்.

இந்த நுணுக்கங்களுக்கு நடுவே இந்திய வாசகர் ஒன்றைத் தேடிப்பார்க்கலாம். 1895 முதல் பென்னியில் அரசரின் பெயரோடு இந்தியப் பேரரசர் என்பதன் லத்தீன் சுருக்கமும் இருந்தது. இந்தியா விடுதலை பெற்றது 1947இல். செய்தி பென்னிக்குப் போய்ச் சேர்ந்தது 1949இல். அந்த ஆண்டுக் காசில் அந்தச் சொற்கள் இல்லை. 1948 காசையும் 1949 காசையும் பக்கத்தில் வைத்தால் ஒரு சாம்ராஜ்யம் கழன்று விழுந்த இடம் தெரியும். இரண்டும் சாதாரணக் காசுகள். சந்தையில் இந்த வித்தியாசத்துக்குக் கால் காசு அதிகம் கிடையாது. திரிசூலம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்ததற்குக் கொடுக்கிறார்கள்.

6. எதிர்ச் சான்றுகள்

நேர்மையான ஆய்வு தனக்கு எதிரான சாட்சிகளையும் விசாரிக்க வேண்டும். அப்படி இரண்டு வந்து நிற்கின்றன.

முதலாவது, பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள 1903ஆம் ஆண்டுப் பென்னி. ஏழாம் எட்வர்டின் முகத்தின் மேலேயே பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு எழுத்து எழுத்தாக அடித்திருக்கிறார்கள். நாணயத்தைச் சிதைப்பது குற்றம். ஆனால் ஒரு பென்னியை யார் தேடிப்பிடித்துத் திரும்பப் பெறுவார்கள்? அது கை மாறிக் கை மாறி அரசர் தலையிலேயே கோரிக்கையைச் சுமந்து திரிந்தது. தேய்மானம் உண்டு, சேதம் உண்டு, உழைப்போ கூலிக்கு மேலே. சோம்பல் விதிப்படி குப்பைக்குப் போக வேண்டிய காசு கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. அதைப் பார்த்த உடனே சிலர் சுத்தியலும் எழுத்து அச்சும் எடுத்துப் பழைய பென்னிகளை முழக்கமிட வைத்தார்கள். சந்தையில் போலிகளும் உண்டு.

இரண்டாவது, லண்டன் நாடாளுமன்றக் கடிகாரத்தின் ஊசலில் அடுக்கிவைத்த பழைய பென்னிகள். கடிகாரம் தாமதித்தால் ஒரு பென்னியைக் கூட்டுவார்கள். ஒரு நாளைக்கு 0.4 வினாடி வேகம் கூடும். முந்தினால் ஒன்றை எடுப்பார்கள். 1971இல் நாட்டின் எல்லாப் பழைய பென்னிகளுக்கும் வேலை போனது. ஊசலில் அமர்ந்தவற்றுக்குப் போகவில்லை. அவற்றை விற்பார் இல்லை, ஏலத்தில் எடுப்பார் இல்லை. விலையே கேட்கப்படாத உழைப்பாளிகள் என்று வகைப்படுத்திவிட்டு இவ்வாய்வு சங்கடத்தோடு நகர்கிறது.

7. 1933

விதிக்கு இறுதி ஆதாரம் 1933. அந்த ஆண்டும் கையிருப்பில் பென்னி போதுமான அளவு இருந்ததால் புழக்கத்துக்கு அடிக்கவில்லை. ஆனால் அரசர் அடிக்கல் நாட்டும் கட்டடங்களுக்குக் கீழே அந்த ஆண்டுக் காசுத் தொகுதி ஒன்றைப் புதைப்பது வழக்கம். அதற்காகவும் அருங்காட்சியகங்களுக்காகவும் ஒரு சில அடித்தார்கள்; ஏழு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1960களில் பள்ளிப் பையன்கள் முதல் கடைக் காசாளர்கள் வரை சில்லறையைக் கொட்டிக் கொட்டி இந்த ஆண்டைத் தேடினார்கள். கிடைக்காதவர்களுக்காக வேறு சிலர் 1935இன் ஐந்தை மூன்றாக்கிக் கொடுத்தார்கள். 1938இன் எட்டைச் செதுக்கியவர்களும் உண்டு; அந்தக் காசில் இருப்பவர் ஆறாம் ஜார்ஜ், 1933இல் அவர் அரசரே இல்லை என்பது அவர்கள் கவனத்துக்கு வரவில்லை.

அசலானவற்றில் மூன்று அடிக்கல்லின் கீழே போயின. லீட்ஸ் நகரின் மிடில்டன் பகுதித் தேவாலயத்தில் கட்டட வேலை நடந்த 1970இல், திருடர்கள் அந்தக் காசைக் கொண்டுபோய்விட்டார்கள். இதைக் கேட்ட அதே லீட்ஸின் கிர்க்ஸ்டால் பகுதித் தேவாலயத்தார், திருடன் வருவதற்குள் தாங்களே தோண்டி எடுத்து விற்றுவிட்டார்கள். பல்லாண்டுகளாக ஒரு தேவாலயத்தையே தலையில் சுமந்த காசு, வெளியே வந்ததும் ஏலத்துக்குப் போயிற்று.

மூன்றாவது பென்னி லண்டன் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸில் இருக்கிறது. 1933 ஜூன் 26 அன்று ஐந்தாம் ஜார்ஜ் அதற்கு அடிக்கல் நாட்டினார். போரின்போது அந்தக் கட்டடத்தில் தகவல் அமைச்சகம் இயங்கியது. பிறகு நூலகம், மாணவர்கள், பேராசிரியர்கள், ஆய்வேடுகள். இத்தனை பேரின் உழைப்புக்கும் அடியில் அந்தக் காசு படுத்திருக்கிறது. தேய்மானம் எவ்வளவு, பழுப்பேறியிருக்கிறதா, முடி இழைகள் தெரிகின்றனவா என்று பார்த்தால் சோம்பல் விதியைத் துல்லியமாக நிறுவிவிடலாம். அதற்கு 19 மாடி உயரக் கோபுரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும்.