மோட்டார் இல்லாத மோட்டார் வாகனம்

எங்கள் கடற்கரை ஊரான மாரியூர்ப் பக்கம் இழுத்துப் போக வேண்டிய சாமான்களுக்குப் பஞ்சமே இல்லை. வாலிநோக்கத்து உப்பு, சாயல்குடிக் கருவேலங்கரி, பழுதான பைபர் படகு, எல்லாவற்றுக்கும் மேலே குடிதண்ணீர். சித்திரைத் திருவிழாவில் எங்கள் ஊர்ச் சிவன் பூவேந்தியநாதரே கடலில் வலைவீசி, சுறாவாகத் திரிந்த நந்தியைக் கரைக்கு இழுத்து வருகிறார். அவரிடம் யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை.

வளைகுடாவிலிருந்து திரும்பிய என் மச்சானுக்கும் இழுக்கும் ஆசை வந்தது. அங்கே பிக்கப்புக்குப் பின்னால் படகை மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவர்.

"மாப்ள, பிக்கப் இருக்கு, படகு இருக்கு. ஒரு டிரெயிலரை வெல்டிங் பண்ணி மாட்டினா முடிஞ்சுது."

"டிரெயிலரையும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பதிவு பண்ணணும் மச்சான்."

"அதுல என்ஜினே கிடையாதேப்பா!"

கிடையாதுதான். ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணுக்கு டிரெயிலரும் மோட்டார் வாகனமே. மச்சான் ஒருநாள் முழுக்கச் சட்டத்தோடு கோபமாக இருந்தார்.

முறைப்படி பதிவான டிரெயிலர் ஒன்று வந்து சேர்ந்ததும் அடுத்த தகராறு. படகின் என்ஜின் பின்பக்கம் தொங்குகிறது, பாரமெல்லாம் அங்கே. பின்பாரம் கூடினால் கொக்கி மேலே எழும்பப் பார்க்கும், வேகமெடுத்ததும் டிரெயிலர் வாலாட்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொக்கியில் உட்கார வேண்டும். வாலாட்டினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். இதைச் சொன்னவர் தண்ணீர் டிராக்டர் ஓட்டும் அண்ணன். அவருக்குத் தெரியாத பாரமா? ஐயாயிரம் லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டும் ஐந்து டன். முன்னால் இழுக்கிற டிராக்டரோ சுமார் இரண்டு டன். அதிலும் அரைத் தொட்டித் தண்ணீர் மகா சண்டி. வண்டி நின்ற பிறகும் அது முன்னால் ஓடிவந்து டிராக்டரை முட்டும். உள்ளே தடுப்புத் தகடு வைத்தால்தான் அடங்கும்.

ரிவர்ஸ் தனிக்கதை. பின்னால் போகும்போது டிரெயிலர், தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. இடப்பக்கம் போகச் சொன்னால் வலப்பக்கம் போகும். கொஞ்சம் அழுத்திச் சொன்னால் முறுக்கிக்கொண்டு குறுக்கே நின்றுவிடும். மச்சான் கடற்கரைப் பொட்டலில் பழகியபோது ஊரே கூடிவிட்டது. "ஒடி, ஒடி!" என்று ஒருவர். "நேர் பண்ணு!" என்று இன்னொருவர். "வரட்டும், வரட்டும்" என்று மூன்றாமவர். இந்த மூன்றாமவரை மட்டும் நம்பவே கூடாது. வண்டி எதிலாவது முட்டிய பிறகுதான் "போதும்" என்பார். அன்று அந்த எதிலாவது என்பது கருவேலமரம். கைகாட்ட ஒரே ஆள், அவரும் கண்ணாடியில் தெரிகிற ஆள் என்பது மச்சானின் இப்போதைய சட்டம்.

இத்தனையிலும் எனக்குப் பயம் இருட்டுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி விளக்கில்லாமல் போகிற டிரெயிலர், பின்னால் பைக்கில் வருகிறவர் கண்ணில் படும்போது பிரேக் பிடிக்கக்கூட நேரம் இருக்காது. டிராக்டர் அண்ணன்மாரே, கரியோ உப்போ எதை ஏற்றினாலும், கிளம்புமுன் பின்விளக்கு எரிகிறதா என்று இறங்கிப் பாருங்கள். பின்பலகையில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் ஒட்டிவிடுங்கள்.