உலகப் பண்பாட்டு இல்லத்திலிருந்து ஒரு நன்றி மடல்

பெருமதிப்புக்குரிய விடுதி வாழ்க்கைத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் தலைசிறந்த விடுதி என்று தாங்களே சொல்லிக்கொள்ளும் உலகப் பண்பாட்டு இல்லத்தின் முதலாண்டு மாணவி எழுதிக்கொள்வது. எல்லா மொழிகளும் இங்கே கொண்டாடப்படும் என்று கையேட்டின் அட்டையிலேயே போட்டிருக்கிறீர்கள். ஆகவே தமிழில் எழுதுகிறேன். கொண்டாடிக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை நான் வகுப்பில் இருந்த நேரம் பார்த்து, தங்கள் பாதுகாப்புக் குழுவினர் என் அறைக்கு எழுந்தருளி, ரைஸ் குக்கரைக் கைப்பற்றிச் சென்றார்கள். காலையில் வைத்த பொன்னி அரிசிச் சோறு உள்ளே இருந்தது. அதோடுதான். கதவில் ‘தடைசெய்யப்பட்ட வெப்பச் சாதனம்’ என்று ஒரு மஞ்சள் சீட்டு. அன்று மாலையே தங்கள் அலுவலகத்திலிருந்து இன்னொரு அன்பு மடல்: வெள்ளிக்கிழமை ‘உலகச் சுவை இரவு’, உங்கள் ஊர்ச் சாப்பாட்டைச் சமைத்து எடுத்து வாருங்கள், முடிந்தால் புடவையில் வாருங்கள். எதில் சமைப்பது என்று மடலில் இல்லை. கொலுவில் வைத்த பொம்மை சோறு கேட்கலாமா என்ன! அதுதான் இந்த இல்லத்தின் தீம் போலிருக்கிறது.

கோடையில் தாங்கள் அனுப்பிய படிவத்தை இப்போதும் வைத்திருக்கிறேன். பசுமை இல்லம், உடல்நல இல்லம், சாகச இல்லம், கலை இல்லம், அமைதி இல்லம் என்று ஏகப்பட்டது இருந்தது. முதலாண்டுக்காரர்கள் வளாகத்துக்குள்தான் தங்கியாக வேண்டும் என்பது விதி. எந்த ஜோடனையில் தங்குவது என்பது மட்டும் எங்கள் சுதந்திரம். ‘இந்த இல்லத்துக்கு நான் எதைக் கொண்டு வருவேன்?’ என்று 250 சொற்களில் கட்டுரை கேட்டீர்கள். எழுதினேன். சொன்னபடியே கொண்டும் வந்தேன். தாங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

வந்த பிறகுதான் தெரிந்தது, ஒரு தீமுக்குப் பணம் கட்டினால் பல தீம்கள் இலவசம் என்று. இருவர் அறையில் மூவர்: நெருக்கம் தீம். துவைக்கும் மெஷின் காசை வாங்கிக்கொண்டு சொட்டச் சொட்டத் துணியைத் தருகிறது: மழைக்காடு தீம். பொதுச் சமையலறையில் கடுகு வெடித்தால் போதும், அலாரம் அலறி, கட்டடமே போர்வையோடு புல்வெளிக்கு வந்துவிடுகிறது: சகோதரத்துவம் தீம். இத்தனைக்கும் மேலே தீம் கட்டணம் தனி. எதற்கென்று கேட்டேன். வரவேற்பறையில் நாட்டுக் கொடிகள் மாட்டியிருக்கிறோமே என்றார்கள். போய்ப் பார்த்தேன். பச்சை மேலே, காவி கீழே, இந்தியக் கொடி சிரசாசனத்தில் இருந்தது. யோகா தீமுக்குத் தனிக் கட்டணம் வாங்காத தங்கள் தயாளத்தை என்னவென்பது!

தங்களுக்கு முன்னால் இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு இந்த நுட்பமெல்லாம் பிடிபடவில்லை, பாவம். 1909-இல் கொலம்பியா பல்கலைக்கழக நூலகப் படிக்கட்டில் எதிர்ப்பட்ட ஒரு சீன மாணவருக்கு ஹாரி எட்மண்ட்ஸ் என்பவர் காலை வணக்கம் சொன்னார். மூன்று வாரமாக நியூயார்க்கில் இருக்கிறேன், என்னிடம் பேசிய முதல் ஆள் நீங்கள்தான் என்றாராம் அந்த மாணவர். அது உறுத்திக்கொண்டே இருந்ததில், செல்வந்தர் ராக்ஃபெல்லர் ஜூனியர் பணம் தர, 1924-இல் நியூயார்க்கில் இன்டர்நேஷனல் ஹவுஸ் என்ற மாணவர் விடுதி வந்தது. 1930-இல் பெர்க்லியில் இன்னொன்று. எல்லா நிறத்தாரும் ஒரே கூரையின் கீழா என்று அங்கே அக்கம்பக்கத்தார் எதிர்த்தும் எட்மண்ட்ஸ் விடவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் 1969-இல் ஒரு கட்டடத்தையே கைப்பற்றிப் போராடினார்கள். 1972-இல் அங்கே உஜாமா என்ற மாணவர் இல்லம் திறந்தது. அவர்களெல்லாம் கேட்டது, தாம் தாமாகவே இருக்க ஓர் இடம். சுவரில் மாட்டக் கொடி யாரும் கேட்கவில்லை.

இன்று வந்த அறிவிப்புக்கும் நன்றி சொல்ல வேண்டும். டிசம்பரில் கடைசித் தேர்வு முடிந்த மறுநாள் நண்பகலுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டுமாம். மறுபடி கதவு திறப்பது ஜனவரியில். ‘குடும்பத்தோடு விடுமுறையை மகிழ்ந்து கழியுங்கள்’ என்று கீழே ஒரு பனிமனிதன் சிரிக்கிறான். என் குடும்பம் திருநெல்வேலியில் இருக்கிறது. போய்வரும் டிக்கெட்டுக்கு அப்பா இனி எதை விற்பார்? உங்கள் தீம் கட்டணமே பேங்க் லோனில் கட்டியது. வகுப்பு நடக்கும்போது வளாகத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க விசா விடாது. வெளியே போய்ச் சம்பாதிக்கவும் முடியாது. எங்கள் மூஞ்சியை அட்டையில் போட்டு விற்கத் தெரிகிறது. அந்தப் பனியில் இந்தப் பெண் எங்கே போய்ப் படுப்பாள் என்று ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லையா? வெட்கமாக இல்லை?

பொறுத்தருள்க. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அமைதி இல்லத்தில் இருந்திருந்தால் இந்நேரம் அபராதம் விழுந்திருக்கும்.

மாணவர்களே புதிய இல்லங்களை முன்மொழியலாம் என்று படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பெருந்தன்மையோடு சொல்லியிருக்கிறீர்கள். வரும் ஆண்டுக்கு ‘நிர்வாக இல்லம்’ ஒன்றை முன்மொழிகிறேன். தங்கள் துறை அதிகாரிகள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். இருவர் அறையில் மூவர். காபி மெஷினுக்கு அனுமதியில்லை. வெள்ளிதோறும் தத்தம் ஊர் உடையில் வரவேற்பறையில் நின்று, போவோர் வருவோருக்கு நிர்வாகப் பண்பாட்டை விளக்க வேண்டும். டிசம்பரில் எங்கே போவீர்கள் என்பது உங்கள் சாமர்த்தியம். கட்டுரை 250 சொற்களைத் தாண்டக் கூடாது. தேர்வுக் குழுவில் நானும் என் அறைத்தோழிகள் இருவரும் இருக்கிறோம். மூவரும் கருணையுள்ளவர்கள், ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதல்லவா? முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது.

இப்படிக்கு,
இரண்டாம் தளத்து இந்தியா