வருத்தம் தெரிவிக்கும் வல்லுநர்

பெரிய நிறுவனங்களில் இப்படி ஒருவர் இருப்பார். சாதாரண நாட்களில் அவருக்கு என்ன வேலை என்று பக்கத்து மேசைக்காரருக்கே தெரியாது. நிறுவனம் எங்காவது வசமாக மாட்டிக்கொண்டால் மட்டும் முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லாரும் அவர் வாயையே பார்ப்பார்கள்.

அவர் எழுத்தில் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் தானாக நடக்கும். "சில தவறுகள் நேர்ந்துள்ளன" என்பார், மழை பெய்ததைச் சொல்வது போல. ஆயிரம் பேர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருப்பார்கள். இவர் உள்ளே உட்கார்ந்து, "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்" என்று எழுதுவார். புண்பட்டதற்கு ரசீது கொண்டுவா என்று கேட்காததுதான் பாக்கி.

பாவம், முழுப் பழியையும் அவர் தலையில் போடக் கூடாது. அவருடைய முதல் வரைவில் 'மன்னிப்பு' இருந்திருக்கும். வக்கீல் பார்த்ததும் பதறிப்போவார்: "இது குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் சார், நாளைக்கு நஷ்டஈட்டு வழக்கில் இதையே வாசித்துக் காட்டுவார்கள்." 'மன்னிப்பு' போய் 'வருத்தம்' வரும். அடுத்து நிதித்துறை 'இழப்பீடு' என்ற சொல்லை அடிக்கும். விற்பனைத்துறை தன் பங்குக்கு, "வாடிக்கையாளரே எங்கள் உயிர்மூச்சு" என்று ஒரு வரியைச் செருகும். கடைசியில் வெளியே வருவதைப் படித்தால், விபத்தா விளம்பரமா என்றே தெரியாது.

2017 ஏப்ரல் 9-ஆம் தேதி சிகாகோவில் நடந்ததைப் பாருங்கள். யுனைடெட் விமானத்தில் விமான ஊழியர்கள் 4 பேருக்கு இடம் வேண்டுமென்று, டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த ஒரு பயணியைப் பாதுகாப்பு அதிகாரிகளை விட்டுத் தரதரவென்று இழுத்துப்போட்டார்கள். அவர் முகத்தில் ரத்தம். செல்பேசிகளில் உலகமே அதைப் பார்த்தது. மறுநாள் நிறுவனத் தலைவர் ஆஸ்கார் முனோஸ் மன்னிப்புக் கேட்டார். எதற்கு? இந்தப் பயணிகளுக்கு 'மாற்று இட ஏற்பாடு' செய்ய நேர்ந்ததற்கு! அதை எழுதியது நம்மவர்தான் என்று சொல்ல மாட்டேன். கைமணம் மட்டும் அதேதான். அன்றே ஊழியர்களுக்கு அனுப்பிய கடிதத்தில் அந்தப் பயணிதான் சண்டைக்கு நின்றவர் என்றும் எழுதி, அதுவும் வெளியே கசிந்தது. வேடிக்கை என்னவென்றால், மக்கள் தொடர்புத் துறையின் 'பிஆர் வீக்' இதழ் முந்தைய மாதம்தான் முனோஸை அந்த ஆண்டின் சிறந்த தகவல் தொடர்பாளராகத் தேர்ந்தெடுத்திருந்தது.

விலாசம் மாறிப் போகும் மன்னிப்பும் உண்டு. 2013-இல் லுலுலெமன் ஆடை நிறுவனத்தைத் தொடங்கிய சிப் வில்சன், யோகா பேன்ட் பற்றிய புகார்களுக்கு, சில பெண்களின் உடல்வாகுக்கு அது சரிப்படாது என்று டிவியில் சொல்லிவைத்தார். கண்டனம் கிளம்பியதும் வீடியோவில் உருக்கமாக மன்னிப்புக் கேட்டார், தன் ஊழியர்களிடம். பேன்ட் வாங்கிய பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த மாதமே அவர் சேர்மன் பதவியிலிருந்து விலகுவதாக அறிவிப்பு வந்தது.

சிகாகோ விவகாரத்தில் ஏப்ரல் 11-ஆம் தேதி முனோஸ் இன்னொரு அறிக்கை விட்டார். யாரையும் இப்படி நடத்தக் கூடாது, முழுப் பொறுப்பும் எங்களுடையது, சரிசெய்வோம் என்று சாரம். நம் வல்லுநரிடம் இதைக் காட்டிப் பாருங்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே உதட்டைப் பிதுக்குவார்.

"இதில் என்ன சார் வேலைப்பாடு இருக்கு? இதை யார் வேணும்னாலும் எழுதலாமே!"