ஒத்த விசில்

வாங்க மாப்ள, உக்காருங்க. திண்ணையில தூசி கெடக்கும், தட்டிட்டு உக்காருங்க. டிக்கெட்டு போட்டாச்சின்னு பேத்தி சொன்னா. திருச்சியிலேருந்து சிங்கப்பூரு, நாலு ராத்திரி, கூட ரெண்டு வயசு முடிய ஒரு மாசம் பாக்கி இருக்கிற பொடியன். ரொம்ப சந்தோசம். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். இதுக்கு உல்லாசப் பயணம்னு பேரு வெச்சானே, அவன் புள்ள பெத்தவனா, பெறாதவனா?

கோவிச்சிக்காதீங்க. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவுல இருபத்தெட்டு வருசம் தனியார் பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சவன் நான். காரைக்காடு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூருன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரிசையாச் சொல்லுவன். அந்த ரோட்டுல எத்தினி கொழந்த அழுதிருக்கும், எத்தினி கொழந்த என் காக்கிச் சட்டையில வாந்தி எடுத்திருக்கும்! பிளேனு மட்டும் என்னா, றெக்க வெச்ச பஸ்ஸுதான. கண்டக்டரு இல்லாத பஸ்ஸு. அந்தக் குறைய நெனைச்சித்தான் நான் வாயத் தொறக்கறன்.

மொதல்ல வயசு. "தாத்தா, ரெண்டு வயசுக்குள்ளன்னா மடியிலயே வெச்சிக்கலாம், முழு டிக்கெட்டு வாணாம்"னு பேத்தி எனக்குப் பாடம் எடுக்கறா. அடியே, இந்த வித்தைய என்கிட்டயா? எங்க காலத்துல பஸ்ஸுல மூணு வயசு வரைக்கும் காசு இல்ல, அதுக்கு மேல பன்னண்டு வரைக்கும் அரை டிக்கெட்டு. அதனாலயே சிதம்பரம் தாலுகாவுல நாலு வயசுக் கொழந்தன்னு ஒன்னு கெடையாது. எல்லாம் ரெண்டே முக்கால். மீச அரும்புன ரெண்டே முக்காலையும் நான் பாத்திருக்கன். அம்மாகிட்ட வயசு கேக்கவே மாட்டன். குனிஞ்சி கொழந்தகிட்ட, "ராசா, உங்க டீச்சர் பேரு என்னா?"ம்பன். அது டீச்சர் பேரு, கிளாஸு, பக்கத்துல உக்கார்ற பையன் பேரு, அவன் அடிச்சது, இவன் கிள்ளுனது எல்லாத்தியும் சொல்லும். அம்மா பேசாம முந்தானை முடிச்ச அவுப்பா.

இப்ப காலம் மாறிப்போச்சி. அரசு பஸ்ஸுல அஞ்சி வயசு வரைக்கும் டிக்கெட் இல்லன்னு 2022-ல அறிவிச்சிட்டாங்க. ரயில்லயும் தனிப் படுக்கை கேக்காத வரைக்கும் அஞ்சிக்குக் கீழ காசு கெடையாது. ஆனா பிளேன்காரன் டீச்சர் பேரெல்லாம் கேக்க மாட்டான். பாஸ்போர்ட்ட பொரட்டுவான், பொறந்த தேதி பல்ல இளிச்சிக்கிட்டு நிக்கும். மடியில உக்கார்றவனுக்கும் ஒரு சின்னத் தொகை புடுங்கிடுவான். போற அன்னிக்கி ரெண்டு ஆவாம இருந்து, வர்ற அன்னிக்கி ரெண்டு முடிஞ்சிட்டா திரும்பறதுக்குத் தனி சீட்டு வாங்கணும். ஆவணியில போலாம், புரட்டாசியில போலாம்னு நாள் பாத்துக்கிட்டு இருந்தீங்கன்னா அந்த ரெண்டே முக்கால் வித்தை பலிக்காது, சொல்லிட்டன்.

பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ புடிச்ச கதை எனக்கு வந்து சேந்துடுச்சி. பின்னால வெள்ளைத் துணி, கண்ணு தொறந்திருக்கணும், வாய் மூடியிருக்கணும், புடிச்சிருக்கிறவங்க கை தெரியக் கூடாது. இத்தினி சட்டமும் ஒன்னா நடக்கிறதுக்கு அது கொழந்தையா, பொம்மையா? மாப்ள கிலுகிலுப்பைய ஆட்ட, பேத்தி கைத்தட்ட, ஸ்டூடியோக்காரரு பூனை மாதிரி கத்த, முப்பத்தேழாவது படத்துலதான் பொடியன் நேரா பாத்தானாம். அந்தப் படத்தப் பாத்தன். எதிர்ல மூணு பைத்தியம் நிக்கிறதப் பாத்து மெரண்ட மாதிரி இருக்கு. நல்லா வந்திருக்கு. கொஞ்ச நாளைக்கி அதான் அவன் அடையாளம்.

இப்ப ரெண்டாவது சேதி. புது பஸ்ஸ ரூட்டுல விடறதுக்கு மின்ன ஒரு ஓட்டம் ஓட்டிப் பாப்பாங்க. நீங்களும் பாத்தீங்க. போன ஞாயித்துக்கெழம பொடியன தேவனாம்பட்டினத்துக்குக் கூட்டிக்கிட்டு வந்தீங்களே, நானும் கூட வந்தன. எதிர்ல அம்மாம் பெரிய சமுத்திரம். ரெண்டு நிமிசம் பாத்தான். அப்பறம் குந்துனான். சுண்டல் மடிச்ச காகிதம் ஒன்னு மணல்ல கெடந்துது. அத எடுத்தான், உள்ள மணல் போட்டான், கொட்டுனான், மறுபடி போட்டான். அர மணி நேரம். நீங்க அலையக் காட்டறீங்க, கப்பலக் காட்டறீங்க, செல்போன நீட்டறீங்க. அவன் தலைய நிமித்தல.

நடராசர் கோயிலுக்குப் போனப்பவும் அதே கதைதான. பொன்னம்பலத்துக் கூரையில 21,600 பொன்னோடுன்னு கணக்கு சொல்வாங்க, மனுசன் ஒரு நாளைக்கி விடற மூச்சு அவ்வளவாம். பேத்தி புள்ளயத் தூக்கித் தூக்கிக் காட்டுனா. அவன் பாத்தது பிரகாரத்துல போன கட்டெறும்ப. அது பின்னாலயே தவழ்ந்து போயி தூணு ஓரத்துல ஒரு ஓட்டையக் கண்டுபுடிச்சான். நாப்பது வருசமா போய்க்கிட்டு இருக்கன், அந்த ஓட்டைய நான் பாத்ததில்ல.

அதனால, சிங்கப்பூர் ஏர்போர்ட்டுல கட்டடத்துக்குள்ளயே நாப்பது மீட்டர் ஒசரத்துக்கு அருவி கொட்டுதுன்னு டிவியில காட்டுனாங்களே, அங்க நின்னு "பாருடா, பாருடா"ன்னு அவன் தாடையப் புடிச்சித் திருப்பாதீங்க. அவன் பாக்கப்போறது கீழ தண்ணி போற கம்பி மூடியத்தான். ஒரு நாளைக்கி ஒரு எடம் போதும். நாலு எடம் போனா மூணு எடத்துல அவன் தூங்குவான், நாலாவது எடத்துல நீங்க தூங்குவீங்க.

மூணாவது, மூட்ட. உள்ள எட்டிப் பாத்தன், மூணு பெட்டி தொறந்து கெடக்கு. பொடியன் ஒருத்தனுக்கே ஒம்போது சட்ட. எங்க பஸ்ஸுன்னா லக்கேஜ் போட்டிருப்பன். பேட்டரி பொம்மையெல்லாம் எடுத்து வெளியில வைங்க. மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்னு, ரெண்டு ஸ்பூனு, ஒரு சுருக்குப் பை போதும். தொறப்பான், மூடுவான், போடுவான், எடுப்பான், திருச்சியிலேருந்து சிங்கப்பூரு வந்துடும்.

அடியே பேத்தி, தேங்காயெண்ண பாட்டில கையில எடுத்துக்கிட்டுப் போவாத. நூறு மில்லிக்கு மேல இருந்தா புடுங்கி வெச்சிக்குவான். கொழந்தையோட பாலுக்கும் கஞ்சிக்கும் மட்டும் வழிக்கு வேண்டிய அளவுக்கு விடுவாங்க. உங்க ஆயா கொப்பரையப் பொட்டணம் கட்டி வெச்சிருக்கா, அத எடுத்து வெளிய வை. எண்ண ஊறுன பொருளு, தீப்புடிக்கும்னு பிளேன்ல ஏத்த மாட்டான். சபரிமலைக்கிப் போறவங்களுக்கே இருமுடித் தேங்காயக் கையோட கொண்டுபோவ தனியா அனுமதி குடுக்க வேண்டியிருந்துது. நீங்க எந்த மலைக்கிப் போறீங்க? பண்ருட்டி முந்திரி வேணா எடுத்துக்குங்க, ஆனா அது உங்களுக்கு. பொடியனுக்கு முழு முந்திரி குடுத்து தொண்டையில அடைச்சிக்கப் போவுது.

இன்னொன்னு, இடுப்புல இருக்கிற வெள்ளி அரைஞாண். செக்கிங்ல கைக்கருவிய வெச்சா அது 'பீப்'புங்கும். மூத்த பேரன் புள்ளைய டெல்லிக்குக் கூட்டிக்கிட்டுப் போனப்ப நடந்துது. முதல் பீப்புல அது சிரிச்சிது. ரெண்டாவது பீப்புக்கு சட்டையத் தானே தூக்கிக் காட்டிச்சி. அப்பறம் அந்தக் கருவி வேணும்னு கீழ பொரண்டு அழுதுது. பின்னால அறுபது பேரு. வெள்ளியக் கழட்டி வூட்டுல வெச்சிட்டு கறுப்புக் கயிறக் கட்டுங்க, திருஷ்டிக்கும் ஆச்சி, செக்கிங்குக்கும் ஆச்சி. தள்ளுவண்டி எடுத்துக்கிட்டுப் போங்க, பிளேன் வாசல் வரைக்கும் விடுவாங்க. பொடியன் அதுல உக்கார மாட்டான். மாப்ள தோள் பையி உக்காந்துக்கிட்டு வரும்.

பிளேன்ல ஏறுனதும் உன் பெல்ட்டுல மாட்டிக்கிற மாதிரி ஒரு குட்டி பெல்ட்டு தருவாங்க. வெக்கப்படாம கேட்டு வாங்கு. நடை ஓரத்து சீட்டுல கொழந்தைய வெச்சிக்காத. சாப்பாட்டு வண்டி முட்டும், சூடா காப்பி கைமாறும். ஜன்னல் பக்கம் உக்காரு. நம்ம பஸ்ஸு மாதிரி கைய வெளிய நீட்டுவானோன்னு பயந்துக்கிட்டு இருக்க வாணாம், அந்த ஒரு நிம்மதி உண்டு. முன்னால செவுத்துல மாட்டற தொட்டில் கேக்கலாமான்னா, அது கைக்கொழந்தைக்கி. நம்ம ஆளு கால நீட்டுனா முழங்காலு வெளிய தொங்கும். அந்தக் காலத்து ரயில்ல மேல் படுக்கைக் கம்பியில பொடவையக் கட்டி தூளி ஆட்டுவோம். இங்க அதச் செஞ்சா போலீசு வரும்.

காது விசயம் கேட்டுக்க, இது கிண்டல் இல்ல. மூக்குக்கும் காதுக்கும் நடுவுல ஒரு சின்னக் கொழா இருக்கு. கொழந்தைக்கி அது ஊசி மாதிரி குறுகல். மேல போயிட்டுக் கீழ எறங்கும்போது வெளிக்காத்து அமுக்கும், அந்தக் கொழா தொறக்கலன்னா காது வலிக்கும். முழுங்குனா தொறக்கும். அதனால எறங்கறப்பதான் பால் குடுக்கணும். நெறைய பேரு என்னா பண்றாங்க? பிளேனு தரையில நிக்கிறப்பவே பாட்டில வாயில வெச்சிடறாங்க. டிப்போவுலயே டீசலத் தீத்த மாதிரி. எறங்கறதுக்கு அர மணி நேரம் இருக்குன்னு சொல்வாங்க பாரு, அப்ப எடு. மூக்கு ஒழுகுதுன்னா கெளம்பறதுக்கு மின்ன டாக்டர்கிட்ட காட்டு. தூக்க மருந்து குடுத்துப் படுக்க வைன்னு எவளாச்சும் யோசன சொன்னா, அவ வூட்டுப் பக்கமே போவாத.

சிங்கப்பூர்ல எறங்குனா கடியாரம் ரெண்டரை மணி நேரம் முன்னால ஓடும். அங்க ராத்திரி ஒம்போதுன்னா பொடியன் வயித்துக்கு சாயங்காலம் ஆறரை. லைட்ட அணைச்சிட்டு "தூங்குடா"ன்னா எப்பிடித் தூங்குவான்? திண்ணையில உக்காந்து கொசு அடிக்கிற நேரம் அது அவனுக்கு. நடு ராத்திரி வரைக்கும் ஓட்டல் ரூமுல டப்பாவத் தொறந்து மூடிக்கிட்டு இருப்பான். மாப்ள, நீங்க லைட்டப் போட்டுக்கிட்டு கூடவே உக்காந்துக்குங்க. அங்க மெட்ரோ ரயில்ல எதுவும் திங்கக் கூடாது, தண்ணி கூட குடிக்கக் கூடாது, மீறுனா அபராதம். பசிக்கிதுன்னு முறுக்க நீட்டிடாதீங்க. ஏறறதுக்கு மின்னாடியே வயித்த ரொப்பிடுங்க.

இதுக்கே மலைச்சிப் போறீங்களே. எங்க சித்தி நாகப்பட்டினத்துல 'ரஜூலா'ங்கிற கப்பல்ல மூணு கொழந்தையோட ஏறி பினாங்கு போனா. நாள் கணக்கா தண்ணி மேல. பின்னால நம்ம ஊரு பேரையே வெச்சி 'சிதம்பரம்'னு ஒரு கப்பலு சிங்கப்பூருக்கு ஓடிச்சி. அத்தினி நாளும் எப்பிடிச் சமாளிச்சன்னு சித்தியக் கேட்டன். "நானெங்கடா சமாளிச்சன், மேல்தளத்துல இருந்தவங்க எல்லாம் சமாளிச்சாங்க"ன்னா. பஸ்ஸுலயும் அதான். டிரைவரு சீட்டுப் பக்கம் ஏறுன கொழந்த கடைசி சீட்டுக்குப் போறதுக்குள்ள இருபது மடி ஏறி எறங்கியிருக்கும். பிளேன்ல எல்லாரும் பெல்ட்டு போட்டு, காதுல ஒயர மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். நீங்களா ஆரம்பிக்கணும். உக்காந்ததும் பக்கத்து சீட்டுக்காரரப் பாத்து, "சார், கொழந்த கொஞ்சம் படுத்துவான்"னு சொல்லிடுங்க. அழ ஆரம்பிச்சப்பறம் சொன்னா அது மன்னிப்பு. அழறதுக்கு மின்ன சொன்னா அது ஒறவு. நீங்க பாத்ரூம் போவணும்னா புள்ளயப் புடிச்சிக்க ஒரு கை வேணுமில்ல?

கடைசியா ஒன்னு. எங்க தொழில்ல சட்டம் ரெண்டே ரெண்டுதான். ஒத்த விசிலு அடிச்சா வண்டி நிக்கணும். ரெட்ட விசிலு அடிச்சா கெளம்பணும். ஸ்டியரிங்கு டிரைவரு கையிலதான், ஆனா விசிலு அவன்கிட்ட கெடையாது. நீங்க ரெண்டு பேரும் காசு கட்டி, விசா வாங்கி, ரூம் போட்டிருக்கீங்க, அதனால இது உங்க டிரிப்புன்னு நெனைக்கிறீங்க. மாப்ள, நீங்க டிரைவரு. பேத்தி செக்கிங் இன்ஸ்பெக்டரு, அது கல்யாணத்தன்னிக்கே எனக்குத் தெரியும். கண்டக்டரு யாருன்னு கேட்டீங்கன்னா, அதோ திண்ணைக்குக் கீழ செருப்ப வாயில வெச்சிருக்கானே, அவன்.

அவன் அழுதான்னா ஒத்த விசிலு. அருவி பாதி பாத்திருந்தாலும் சரி, வரிசையில இன்னும் நாலு பேருதான் பாக்கின்னாலும் சரி, நிறுத்து. ஓரமா உக்காரு, தண்ணி குடு, துணிய மாத்து. அவன் தானா எறங்கி நடக்க ஆரம்பிச்சான்னா அது ரெட்ட விசிலு. அப்ப எடு வண்டிய. ரெட்ட விசிலு கேக்காம வண்டிய எடுத்த டிரைவரு எவனும் எங்க ரூட்டுல நல்ல பேரு வாங்குனதில்ல.