முப்பதிலிருந்து ஐந்நூறு வரை

சுருளி அருவிக்கு இன்று கேமராவோடு வருகிற பிள்ளைகளில் பலர் ஸ்டாண்டும் கொண்டுவருகிறார்கள். லென்சுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி ஒன்றைத் திருகி மாட்டுகிறார்கள். ஷட்டரை இரண்டு விநாடி, நான்கு விநாடி என்று திறந்துவைக்கிறார்கள். படத்தில் ஒரு துளிகூடத் தெரியாது. பாறைமேல் வெள்ளையாக ஒரு திரை மட்டும் தொங்கும். அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். நான் ஷட்டர் வேகம் கற்ற காலத்தில் இப்படி ஒரு படத்தை ஸ்டுடியோ மேசையில் வைத்திருந்தால், “ஷேக் ஆயிருச்சு” என்று வாடிக்கையாளர் காசு கொடுக்காமல் எழுந்து போயிருப்பார். அன்று நாங்கள் தவித்தது ஒரு துளியைத் துளியாகப் பிடிப்பதற்கு. அந்தத் துளி இன்று போனைத் தூக்கிப் பிடித்தாலே விழுகிறது. அதனால்தானோ என்னவோ, யாருக்கும் அது வேண்டியதாக இல்லை.

தேனி தனி மாவட்டம் ஆகாமல் மதுரையோடு இருந்த காலம் அது. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்னமனூரில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு அண்ணன். அவரிடம் இருந்தது ரஷ்யாவில் செய்த ஜெனித் இ. பாட்டரியே தேவைப்படாத, கையில் எடுத்தால் கனமான கேமரா. அதன் தலையில் ஒரு சின்னக் குமிழ். குமிழைச் சுற்றி 30, 60, 125, 250, 500 என்ற எண்களும் பி என்ற ஓர் எழுத்தும். முப்பது என்றால் ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்கு. ஐந்நூறு என்றால் ஐந்நூறில் ஒரு பங்கு. பி-யில் வைத்தால் விரல் அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும். முப்பதுக்குக் கீழே எண்ணும் இல்லை, ஐந்நூறுக்கு மேலே எண்ணும் இல்லை. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அசைகிற எல்லாவற்றையும் இந்த ஐந்து எண்களுக்குள் அடக்கியாக வேண்டும்.

அண்ணன் பாடம் நடத்தியது வயல் வரப்பில். பெரியாற்றுத் தண்ணீர் ஜூன் மாதம் திறந்துவிட்டால் லோயர்கேம்ப்பிலிருந்து பழனிச்செட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகமாக விளைகிற பூமி இது. இங்கே வளர்ந்த பிள்ளைக்குத் தண்ணீர் பாய்ச்சத் தெரியாமல் இருக்காது. லென்சின் திறப்பான அப்பர்ச்சரை அதை வைத்தே அவர் விளக்கினார்: “தம்பி, மடைய அகலத் தொறந்தா வயல் சீக்கிரம் நெறையும். ஒடுக்கித் தொறந்தா நேரமாகும். நெறையுற தண்ணி ஒண்ணுதான். மடை அப்பர்ச்சரு, நேரம் ஷட்டரு.” அதற்குப் பிறகு எத்தனையோ புத்தகங்களில் முக்கோணம் வரைந்து விளக்கியதைப் படித்திருக்கிறேன். வரப்பில் கேட்ட அந்த விளக்கத்தைவிடத் தெளிவான ஒன்று இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

உச்சி வெயிலில் 100 ஏஎஸ்ஏ பிலிம் என்றால் அப்பர்ச்சர் பதினாறு, ஷட்டர் நூற்று இருபத்தைந்து. எல்லா ஊர்ப் படக்காரர்களுக்கும் மனப்பாடமான கணக்கு இது. அப்பர்ச்சர் எண் குறையக் குறையத் திறப்பு அகலும். அதை எட்டுக்குத் திறந்தால் நான்கு மடங்கு வெளிச்சம் வரும். அப்போது ஷட்டரை ஐந்நூறுக்கு ஏற்றலாம். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் உச்சி வெயில் என்பது நாளில் சிறு பங்குதான். கிழக்கே மேகமலை, காலைச் சூரியன் அதைத் தாண்டி வர நேரமாகும். மேற்கே மலைத்தொடர், மாலை வெளிச்சம் சீக்கிரமே அதன் பின்னால் போய்விடும். மதுரையில் படம் எடுத்துப் பழகியவர் இங்கே வந்தால், சாயங்காலம் அவர் நினைக்கிற எண்ணுக்கு ஒன்றோ இரண்டோ கீழே இறங்க வேண்டியிருக்கும். மலையின் நிழல் வயலில் எந்த வரப்புவரை வந்திருக்கிறது என்று பார்த்தே அண்ணன் குமிழைத் திருப்புவார்.

பழகுவதற்குக் கறுப்பு வெள்ளை பிலிம்தான். உதகையில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ பிலிம் அப்போது கடைகளில் கிடைத்தது. அதை அண்ணன் தன் டார்க் ரூமிலேயே கழுவிவிடுவார். கலர் ரோல் என்றால் பஸ்ஸில் மதுரை லேபுக்குப் போய்த் திரும்ப வேண்டும். எதுவானாலும் ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு படத்தையும் அமுக்குவதற்கு முன்னால் நோட்டில் எழுத வேண்டும். எத்தனையாவது படம், என்ன வேகம், என்ன அப்பர்ச்சர், எதிரே என்ன அசைகிறது. கழுவிய நெகட்டிவைச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, நோட்டோடு வைத்துப் பார்ப்போம். வாழை இலை ஆடிக் காற்றில் அறுபதில் கலைகிறது, இருநூற்று ஐம்பதில் நிற்கிறது என்பதெல்லாம் அந்த நோட்டில் சேர்ந்த அறிவு.

அருவிக்கு வருகிறேன். சுருளியில் மரங்கள் மூடிய நிழல். அங்கே 100 ஏஎஸ்ஏ பிலிமுக்கு அப்பர்ச்சர் 2.8 வைத்தால் ஷட்டர் அறுபதுதான் கிடைக்கும். எங்கள் லென்சின் முழுத் திறப்பு இரண்டு. அதற்கும் போனால் நூற்று இருபத்தைந்து. ஐந்நூறு என்ற எண் குமிழில் இருந்தது, அந்த நிழலில் அதற்கு வெளிச்சம் இல்லை. துளி கோடாக இழுபடும். படம் கிடைக்கும், துளி கிடைக்காது. குடும்பத்தோடு குளிக்க வந்தவர்களைக் குமிழை முப்பதில் வைத்து ப்ளாஷ் போட்டு எடுப்போம். ப்ளாஷ் வெளிச்சம் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்கும் குறைவாக மின்னி மறைவதால், பக்கத்தில் நிற்கிற முகமும் அதன்மேல் தெறிக்கிற நீரும் தெளிவாக நிற்கும். பின்னால் விழுகிற அருவி மட்டும் முப்பதின் வேகத்தில் குழைந்திருக்கும். அந்தப் படங்கள் கம்பம், கூடலூர் வீடுகளின் சுவர்களில் இன்னும் தொங்குகின்றன. ஒரே படத்தில் இரண்டு நேரங்கள் இருப்பதை வீட்டுக்காரர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். நான் போகிற வீட்டிலெல்லாம் அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

அண்ணன் எனக்கு ஷட்டரை முழுதாகப் புரியவைத்தது மாட்டு வண்டிப் பந்தயத்தில். தேனிப் பக்கத்துப் பந்தயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மாட்டின் வயதையும் உயரத்தையும் பார்த்துத் தட்டாஞ்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று பிரித்து விடுவார்கள். தார் ரோட்டில் ஓட்டம். இரண்டு பக்கமும் சனம். வண்டி கண்ணில் படுவதற்கும் கடந்து போவதற்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், விநாடிக்குப் பத்து மீட்டர். ஷட்டர் ஐந்நூறில் இருந்தால் அது திறந்திருக்கும் நேரத்தில் வண்டி நகர்வது இரண்டு சென்டிமீட்டர். அறுபதில் இருந்தால் ஏறக்குறைய பதினேழு சென்டிமீட்டர். முப்பதில் ஒரு அடிக்கும் மேலே. ஐந்நூறில் எடுத்தால் மாட்டின் மூக்கணாங்கயிற்றில் முறுக்குகூடத் தெரியும்.

அந்தப் படங்களில் நான் கண்ட அதிசயம் சக்கரம். கேமராவை அசைக்காமல் நூற்று இருபத்தைந்தில் எடுத்த படத்தில் சக்கரத்தின் கீழ்ப்பக்க ஆரக்கால்கள் எண்ணிவிடலாம் போலத் தெளிவாக இருக்கும். மேல்பக்க ஆரக்கால்கள் கலைந்திருக்கும். ஒரே சக்கரம், ஒரே ஷட்டர். உருள்கிற சக்கரத்தில் ரோட்டைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் நிற்கிறது. உச்சிப் புள்ளி வண்டியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னால் போகிறது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கரும்பலகையில் எழுதியபோது நான் நம்பாத விஷயம் நெகட்டிவில் தானாக வந்து நின்றது. கேமரா மேல் எனக்குப் பற்று வந்தது அந்தச் சக்கரத்தால்தான் என்று சொல்வேன்.

இதே ஆவலில்தான் 1878இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் ஓட்டப் பாதையோரம் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடுகிற குதிரையைக் கொண்டே நூலை அறுக்கவைத்துப் படம் எடுத்தார். நான்கு குளம்பும் தரையை விட்டு எழும்புகிற கணம் உண்டு என்று அப்போதுதான் உறுதியானது. ஓவியர்கள் அதுவரை குதிரையின் கால்களை முன்னும் பின்னும் நீட்டி வரைந்து வந்தார்கள். உண்மையில் கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கும்போதுதான் அது நடக்கிறது. பிரான்சில் லார்டீக் என்ற படக்காரர் எடுத்த புகழ்பெற்ற பந்தயக் கார்ப் படம் ஒன்றில் சக்கரம் முட்டை வடிவமாகி முன்னால் சாய்ந்திருக்கும். பார்க்க வந்தவர்கள் பின்னால் சாய்ந்திருப்பார்கள். ஷட்டர்த் திரையின் சிறு இடைவெளி பிலிமின் மேல் நகர்ந்து போவதற்குள் காரும் நகர்ந்து, அதைத் தொடர்ந்து கேமராவும் திரும்பிவிடுவதால் வந்த சாய்வுகள் அவை. எங்கள் ஜெனித்தில் துணித்திரை பக்கவாட்டில் ஓடும். அதே காரணத்தால் வண்டி இம்மி நீளும் அல்லது குறுகும். இப்போதைய போன் கேமராவும் படத்தை வரிவரியாகத்தான் வாங்குகிறது. பந்தய வண்டியைப் போனில் வீடியோ எடுத்து நிறுத்திப் பாருங்கள், ஆரக்கால்கள் வளைந்திருக்கும்.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் ஓட்டம் எங்கே போயிற்று என்ற கேள்வியை அண்ணன்தான் எழுப்பினார். ஐந்நூறில் எடுத்த படத்தில் மாடு ஓடுகிறதா, நின்று காலைத் தூக்குகிறதா என்று தெரியாது. அதனால் குமிழை முப்பதுக்கு இறக்கச் சொன்னார். காலை ஊன்றி, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி, வண்டி வருவதற்கு முன்பே அதைக் கண்ணாடிக்குள் பிடித்து, அதன் வேகத்திலேயே கூடத் திரும்பி, அமுக்கிய பிறகும் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். சரியாக அமைந்தால் மாட்டின் கண்ணும் சாரதியின் முகமும் நிற்கும். சனமும் புளியமரமும் ரோட்டோரச் சுவரும் கிடைக்கோடுகளாக ஓடும். மாடு ஓடாமல் ஊர் ஓடுகிற படம். அதை எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை. அண்ணன் தனக்காகவே எடுத்து, பெட்டியில் போட்டு வைத்திருந்தார்.

வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் பி-யைக் கற்றுக்கொண்டேன். இரவில் முல்லையாற்றங்கரையில் தீச்சட்டி ஏந்தி வருகிறவர்கள், மேலே சுற்றுகிற ராட்டினத்தின் விளக்குகள். கேமராவைச் சுவரில் அழுத்தி வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று மனத்துக்குள் எண்ணி விடுவேன். ராட்டினம் முழு வட்டமாகும். சட்டி நெருப்பு போன வழியெல்லாம் ஒரு கோடு கிடக்கும். ஏந்தியவர்கள் இருந்த தடமே இருக்காது.

இப்போது என் அக்கா மகள் கற்றுக்கொள்கிறாள். அவள் கேமராவில் வேகம் எண்ணாயிரம் வரை போகிறது. அந்தப் பக்கம் முப்பது விநாடி வரை இறங்குகிறது. எங்கள் காலத்து ஏஎஸ்ஏதான் இப்போது ஐஎஸ்ஓ. அதை 3200க்கு ஏற்றினால், நாங்கள் அறுபதில் முட்டி நின்ற சுருளி நிழலில் இரண்டாயிரம் கிடைக்கிறது. அவள் எடுத்த படத்தில் அருவி முத்து முத்தாக வானத்தில் நிற்கிறது. அண்ணன் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு நெஞ்சு அடைத்தது. அவளோ, “இது சாதாரணமா வர்றது மாமா” என்று அடுத்ததைக் காட்டினாள். அதில் தண்ணீர் திரையாகத் தொங்கியது.

அவள் கற்கிற விதம் எங்களைவிட நல்லது என்றே நினைக்கிறேன். அமுக்கிய உடனே பார்க்கிறாள், உடனே மாற்றுகிறாள். வேகமும் அப்பர்ச்சரும் படத்துக்குள்ளேயே பதிவாகிவிடுவதால் நோட்டு வேண்டாம். மதுரை பஸ்ஸுக்குக் காத்திருந்த நாட்களை அவளுக்கு வரமாகக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன்: அமுக்குவதற்கு முன்னால் எண்ணை வாய்விட்டுச் சொல். தவறிப்போனால் என்ன, சொல். எதிரே இருப்பது எவ்வளவு வேகமாக அசைகிறது என்று ஒருமுறை கண்ணால் அளந்தால்தான் அந்த எண் வாயில் வரும். போனில் மட்டும் எடுக்கிற பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு அரிது. பெரும்பாலான போன்களில் மடையின் அகலம் மாறாது. வெயிலில் அது தானாகவே ஆயிரத்துக்கு மேலே ஏறி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். வேகத்தைக் கையால் மாற்றுகிற வசதி பல போன்களில் ஓர் ஓரத்தில் இருக்கிறது. அதைத் தேடிப்பிடித்து ஆண்டிபட்டிக் காற்றாலைக்கு முன்னால் ஒரு மாலை நேரம் நின்று மாற்றிப் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

அண்மையில் ஒரு பந்தயத்துக்கு இருவரும் போனோம். அவள் கேமரா அவளிடம். அண்ணன் எனக்குக் கொடுத்துப் போன ஜெனித் என்னிடம். தேன்சிட்டு ஓடும்போது “நூத்தி இருபத்தஞ்சு” என்றாள். சாரதியின் கை கலைந்தாலும் சரி என்று பிடித்தாள். நடுமாட்டுக்கு அறுபது. பெரியமாடு விடுவதற்குச் சற்று முன்னால் என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, முப்பதுக்கு எறக்கவா?”

“எறக்கு. ஆனா மாட்டோட மூஞ்சி தெளிவா வேணும்னா அறுபதுலயே இரு.”

“ரெண்டும் வேணும்” என்று நாற்பதில் வைத்தாள்.

எங்கள் குமிழில் நாற்பது கிடையாது. நாற்பதில் என்ன வருகிறது என்று பார்க்க, என் கேமராவை மூடித் தோளில் போட்டுக்கொண்டு அவள் பக்கம் போய் நின்றேன்.