கழக்கூட்டத்துப் பிராதுக்காரர்

வேணாட்டு மன்னர்களை ஒரு காலத்தில் உறங்கவிடாமல் செய்த எட்டுவீட்டுப் பிள்ளைமாரில் ஒருவருடைய ஊர் என்று சரித்திரத்தில் இடம்பெற்ற கழக்கூட்டம், மார்த்தாண்ட வர்மா அந்தப் பிள்ளைமாரை நிர்மூலமாக்கிய பிறகு இரண்டரை நூற்றாண்டு காலம் பரம சாதுவாக இருந்துவிட்டு, 1990-ஆம் ஆண்டில் டெக்னோபார்க் என்ற ஸ்தாபனம் அங்கே உதயமானதும் மறுபடியும் ஒரு தினுசான கலகக்காரர்களுக்கு வாசஸ்தலமாயிற்று. இந்தக் கலகக்காரர்களுக்கு ஆயுதம் மின்னஞ்சல்; யுத்த காலம் இரவு பத்து மணிக்கு மேல்.

நான் சொல்லும் பிரகிருதியை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே எங்கோ பிறந்து, வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை காலை ரயிலில் திரும்பி, மலையாளத்தைத் தமிழ் மாதிரியும் தமிழை மலையாளம் மாதிரியும் பேசிக்கொண்டு, பம்பா, பெரியாறு, நிளா, பவானி என்று நதிகளின் பெயர் சூட்டிய டெக்னோபார்க் கட்டடங்களில் ஒன்றில், தாம் கண்ணால் கண்டிராத தேசத்து ஜனங்களுடைய இன்ஷூரன்ஸ் பிரீமியத்தைக் கணக்கிடும் புரோகிராமுக்குப் பகல் முழுதும் ஊழியம் செய்கிறவர் அவர். அந்தப் புரோகிராமில் பிழை இருந்தால் அவருக்கு வருத்தமில்லை. அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். ராத்திரி, மேம்பாலத்துக்குப் பின்புறத்துச் சந்தில் இருக்கும் வாடகை அறைக்கு வந்து, சொந்தக் காசில் வாங்கிய பழைய லேப்டாப்பைத் திறந்து, அதில் குடியிருக்கும் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓர் எழுத்து இடம் மாறியிருப்பதைக் கண்டுவிட்டால்தான் அவருக்கு ரத்தம் கொதிக்கிறது. அதற்கு ஒருவரும் காலணா கொடுப்பதில்லை.

இப்படிப்பட்டவர்கள் திருவனந்தபுரத்தில் முளைப்பதற்கு மண்ணும் ஒரு காரணம். கட்டற்ற மென்பொருளுக்கான இந்திய அமைப்பை 2001 ஜூலையில் அந்த இயக்கத்தின் ஸ்தாபகர் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து தொடங்கிவைத்தது இந்த ஊரில்தான். கேரளத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிப்பதே லினக்ஸில்தான். மலையாளத்துக்கு எழுத்துருக்கள் செய்துவைத்த ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர், அடுத்த வீட்டுக்காரர்களும் நன்றாக இருக்கட்டும் என்று தமிழுக்கும் ‘மீரா இனிமை’ என்று ஓர் எழுத்துருவைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். ஆகவே இங்கே கட்டன்சாயா குடிக்க வந்தவர்கூட லைசென்ஸ் விஷயத்தில் ஓர் அபிப்பிராயம் வைத்திருப்பார்.

டெபியன் என்பது இயான் மர்டாக் என்பவர் 1993-இல் ஆரம்பித்து, இன்று உலகெங்கும் பரவிய தொண்டர்கள் கூடி நடத்தும் கைங்கரியம். 2025 ஆகஸ்டில் வெளியான அதன் பதின்மூன்றாம் பதிப்பில் ஏறத்தாழ 70,000 பேக்கேஜ்கள், அதாவது மென்பொருள் பொட்டலங்கள், இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மெயின்டெய்னர் என்று ஒருவரோ ஒரு குழுவோ பொறுப்பு. 1997-இல் இவர்கள் எழுதிவைத்த சமூக ஒப்பந்தத்தில், எங்கள் குறைகளை ஒளிக்கமாட்டோம், பிழைப் பட்டியல் முழுவதையும் எக்காலத்திலும் எல்லோரும் பார்க்கும்படி திறந்தே வைப்போம் என்று ஒரு ஷரத்து இருக்கிறது. வீட்டு விவகாரம் திண்ணைக்கு வரக்கூடாது என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். பட்டியலின் வரிசை எண் பத்து லட்சத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. நம்மவருடைய உபயமும் அதில் கணிசமாக உண்டு.

சாதாரண மனிதர்கள் குறை சொல்லும் விதமே வேறு. “சிஸ்டம் சரியில்ல சார்” என்பார்கள். அதோடு அவர்களுடைய கடமை தீர்ந்தது. நம்மவருடைய சாஸ்திரத்திலோ அது குறையே ஆகாது. எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு, என்ன செய்தீர், என்ன நடக்குமென்று நினைத்தீர், என்ன நடந்தது, மறுபடி செய்தால் மறுபடியும் நடக்கிறதா என்ற இத்தனைக்கும் விடை எழுதிய பிறகே ஒருவனுக்கு மனஸ்தாபப்படும் உரிமை பிறக்கிறது. இந்தப் பழக்கம் உடம்பில் ஊறிப்போனதால் அவரிடம் யாரும் எதையும் முறையிட முடிவதில்லை. ஊரிலிருந்து அவருடைய தாயார் போன் செய்து, “மக்களே, மோட்டார் ஓடல்ல கேட்டியா” என்கிறார்.

“எப்ப இருந்தும்மா? கடைசியா ஓடினதுக்கு அப்புறம் யாராவது எதையாவது மாத்தினாங்களா? ஸ்விட்ச அமத்திட்டுப் போட்டா அதே மாதிரிதான் நிக்குதா, இல்ல வேற மாதிரி நிக்குதா?”

“நிக்கதுல என்னலே வேற மாதிரி?” என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் எலக்ட்ரீஷியனுக்கு ஆளனுப்பிவிட்டார். இந்தப் பிராது முடிக்கப்படாமலேயே விடுபட்டுப் போயிற்று என்ற குறை நம்மவருக்கு இன்றுவரை உண்டு.

அவருடைய உன்னதப் படைப்பு என்று நான் கருதுவது கொட்டாரம் பிராது. கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள கொட்டாரத்தில் இருக்கும் குடும்ப நிலத்தைப் பற்றிய ஒரு பி.டி.எஃப். கோப்பைத் திறந்து, ‘கொட்டாரம்’ என்று தேடினார். அப்படி ஓர் ஊரே இல்லை என்றது வாசிப்பான். கண்ணெதிரே தெரிகிற ஊரை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தால், கொம்பு முன்னாலும் ககரம் பின்னாலுமாக, ‘ெகாட்டாரம்’ என்று வந்து விழுந்தது. விஷயம் இதுதான்: கம்ப்யூட்டரின் நினைவில் ககரம் முதலில், ஒகரக் குறி பிறகு என்பதே ஒழுங்கு, திரையில் வரையும்போது கொம்பு இடப்பக்கம் போய் நிற்கிறது, பி.டி.எஃப். கோப்போ பெரும்பாலும் வரைந்த வரிசையைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. மூல எழுத்து இன்னதென்று கோப்பைச் செய்தவர் தனியே குறித்துவைக்காவிட்டால், எடுப்பவர் கைக்குக் கொம்புதான் முதலில் வரும்.

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. டெபியனில் பிழையைப் பதிவு செய்ய இணையத்தில் கட்டம் கட்டமாக நிரப்பும் படிவம் கிடையாது. முதல் வரியில் பேக்கேஜின் பெயர், இரண்டாம் வரியில் பதிப்பு எண் என்று சம்பிரதாயமாகக் கடிதந்தான் எழுத வேண்டும். ‘ரிப்போர்ட்பக்’ என்ற புரோகிராம் அதற்கு உதவும். அது முதல் காரியமாக, இந்தப் பேக்கேஜைப் பற்றி ஏற்கெனவே வந்திருக்கும் புகார்களைக் காட்டி, உம்முடையது இதில் இருக்கிறதா என்று கேட்கும். அந்தப் பட்டியலை ஒவ்வொரு வரியாக இறங்கும்போது நம்மவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். நமக்கு முன்னால் வேறொருவன் கண்டுபிடித்திருப்பானோ என்ற அச்சம் அதில் அப்படியே எழுதியிருக்கும். ஒருவனும் கண்டுபிடிக்கவில்லை என்று தெரிந்ததும் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அடுத்தது, நோயின் கடுமையைக் குறிப்பது. கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ், இம்பார்ட்டன்ட், நார்மல், மைனர், விஷ்லிஸ்ட் என்று ஏழு படிகள் உண்டு. முதல் மூன்றில் ஏதேனும் ஒன்று கிடைத்தால் அது புதுப் பதிப்பு வெளிவருவதையே வழிமறிக்கத்தக்க குற்றமாகிவிடும். நம்மவர் தயக்கமின்றி ‘கிரேவ்’ என்று போட்டார். மறுநாள் ஐரோப்பாவில் எங்கோ இருக்கும் மெயின்டெய்னர் அதை ‘மைனர்’ என்று இறக்கினார். ஏழெட்டுக் கோடி ஜனங்கள் பேசும் பாஷையில் ஓர் ஊரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமலிருப்பது மைனரா என்று இவர் நான்கு பக்கம் எழுதி, மேலே ஏற்றினார். அவர் ஒரே வரியில் நன்றி சொல்லி மறுபடியும் இறக்கினார்.

பிறகு பிராது பிரயாணம் புறப்பட்டது. வாசிப்பானின் மெயின்டெய்னர், குற்றம் தம்முடையதல்ல, உள்ளே வேலை செய்யும் லைப்ரரியுடையது என்று அங்கே ‘ரீஅசைன்’ செய்தார். லைப்ரரிக்காரர், எழுத்துருவைக் கேளுங்கள் என்றார். எழுத்துருக்காரர், கோப்பைச் செய்த புரோகிராமைக் கேளுங்கள் என்றார். தாலுகா ஆபீஸில் பட்டா மாறுதலுக்கு எழுதிக்கொடுத்த விண்ணப்பம் மேஜை மேஜையாகச் சுற்றிவருவதைப் போல அது சுற்றியது. ஒரே வித்தியாசம், இங்கே ஒவ்வொரு மேஜையிலும் மரியாதையாகப் பேசினார்கள், யாரும் கையை நீட்டவில்லை. அந்தப் பிராது இன்னும் முடியவில்லை. முடிந்துவிடுமோ என்றுகூட அவருக்கு உள்ளூர ஒரு கவலை இருக்கும் என்பது என் ஊகம். பின்லாந்திலிருந்து யாரோ ஒருவர், எனக்கும் இப்படியே நேர்கிறது என்று எழுதிய தினத்தில் அவர் கொண்ட ஆனந்தத்தைப் பிழை தீர்ந்த தினங்களில் நான் கண்டதில்லை.

இவ்வளவு படித்தவர் தாமே திருத்திவிட வேண்டியதுதானே என்று கேட்டால், குரலைத் தாழ்த்தி 2008-ஆம் ஆண்டின் விருத்தாந்தத்தைச் சொல்ல ஆரம்பிப்பார். ரகசியச் சாவிகளைச் செய்துதரும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பேக்கேஜில், பிழை தேடும் கருவி ஒன்று இரண்டு வரிகளைக் காட்டி ஆக்ஷேபித்தது. டெபியனில் அந்தப் பேக்கேஜைக் கவனித்துவந்தவர், விசாரித்துவிட்டே, 2006-இல் அவற்றை அகற்றினார். கருவி திருப்தியடைந்து மௌனமாயிற்று. ஆனால், அகற்றப்பட்டதில்தான் சாவிகளின் யதேச்சைத்தன்மை அடங்கியிருந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், உலகமெங்கும் டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் உண்டான சாவிகள், ஒவ்வொரு வகையிலும் வெறும் 32,768 தினுசுகளுக்குள் அடங்கிப்போயின. திருடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம். 2008 மே மாதம் குட்டு வெளிப்பட்டபோது எத்தனையோ பூட்டுகளை மாற்ற வேண்டியதாயிற்று. இதைச் சொல்லி முடித்து, “அதனாலதான் நான் தொடுறதில்ல” என்பார். சோம்பலுக்கு இதைவிடக் கம்பீரமான சமாதானத்தை நான் கேட்டதில்லை.

ஆனால் விதி அவரையும் விடவில்லை. பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழையும் மலையாளத்தையும் யூனிகோடுக்கு மாற்றும் சிறு பேக்கேஜ் ஒன்று கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதைப் பற்றி இவர் இடைவிடாமல் புகார் எழுதி வந்ததைப் பார்த்து, நீங்களே எடுத்துக்கொள்ளுங்களேன் என்று கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவருடைய ஸ்வபாவமே மாறிற்று. பிராது எழுதுகிறவர்களுக்குப் பொறுமை இல்லை, படிப்பில்லை, எடுத்ததற்கெல்லாம் ‘கிரேவ்’ போடுகிறார்கள் என்று இப்போது அவரே சலித்துக்கொள்கிறார். தம் பேக்கேஜின் மேல் வருகிற எதையும், வாசித்து முடிக்குமுன்பே, விஷ்லிஸ்ட்டுக்கு இறக்கிவிடுகிறார். ஒன்பது மணிக்குப் பிறருக்கு எழுதும் புகாரில் தாம் உபயோகித்த தர்க்கத்தையே பதினோரு மணிக்கு வேறொருவர் தமக்கு எழுதினால், அதிலுள்ள ஓட்டைகளெல்லாம் அவருக்குத் துலாம்பரமாகத் தெரிகின்றன.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, டெக்னோபார்க்குக்கு எதிர்ச்சாரித் தட்டுக்கடையில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தபோது, கொல்லத்துக்காரப் பையன் ஒருவன் இவரைத் தெரிந்துகொண்டு, “சேட்டா, இதொன்று நோக்கியே” என்று தன் லேப்டாப்பைப் பெஞ்சின் மேல் திறந்தான். இவருடைய பேக்கேஜில் அவன் பெயரைக் கொடுத்தால் கடைசியிலுள்ள ‘ன்’ மாயமாய் மறைந்தது. மூன்று தடவை செய்து காட்டினான். மூன்று தடவையும் மறைந்தது. மலையாளத்தில் ‘ன்’ போன்ற சில்லெழுத்துகளுக்கு 2008-இல் யூனிகோடு தனி இடம் கொடுத்ததிலிருந்து, அதே ‘ன்’னைப் பழைய ரீதியிலும் புதிய ரீதியிலும் எழுதலாம் என்பதும், திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும் என்பதும், விசைப்பலகைக்கு விசைப்பலகை இது மாறும் என்பதும் இதைக் குறித்து மற்றவர்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும் நம்மவர் அறியாததல்ல. இருந்தும் அவர் தம் பையைத் திறந்து, தம்முடைய லேப்டாப்பை எடுத்து, பையனுடைய பெயரைத் தம் கையாலேயே அடித்து ஓட்டினார். ‘ன்’ சௌக்கியமாக வந்து சேர்ந்தது. பையன் திகைத்தான். நம்மவர் பரம சந்தோஷத்தோடு இரண்டு பேருடைய சாயாவுக்கும் காசு கொடுத்தார்.

அன்றிரவு பதினொன்றரை மணிக்குப் பையனுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அவன் எடுத்துக்கொண்ட சிரத்தைக்கு நன்றி தெரிவித்து, மேற்படி பிழையைத் தம் இயந்திரத்தில் மீண்டும் நிகழ்த்த முடியவில்லையாதலால் அதற்கு ‘அன்ரீப்ரொட்யூசிபிள்’ என்று அடையாளமிட்டிருப்பதாகவும், எந்தப் பதிப்பு, எந்த விசைப்பலகை, என்ன செய்து என்ன நேர்ந்தது என்பதைச் சாங்கோபாங்கமாக எழுதி அனுப்பினால் பரிசீலிக்கத் தடையில்லை என்றும் அதில் கண்டிருந்தது. கையொப்பத்தில் முழுப்பெயரும் பேக்கேஜின் பெயரும் இருந்தன. பழம்பொரியைப் பற்றிய பிரஸ்தாபம் இல்லை.